கசியுற ஹோஸில் கம்பி சுற்றாதீங்க! வாட்டர் சர்வீஸ் கடைக்கு புது ஹோஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியது என்ன?

சிவகாசி:

ஆயுத பூஜை வந்துவிட்டால் சிவகாசி வட்டாரத்தில் வாட்டர் சர்வீஸ் கடைகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தீபாவளி லோடு ஏற்றும் லாரி, குட்டியானை, ஸ்கூல் வேன், ஆட்டோ, பைக் என்று முதல் நாள் காலையில் இருந்தே வண்டிகள் வரிசை கட்டும். நாரணாபுரம், பள்ளப்பட்டி, திருத்தங்கல் என எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஹோஸ் காலை வாரும்.

மெஷின் ஓடும். கன்னில் தண்ணீர் பீறிட்டு வரும். திடீரென்று நடு ஹோஸில் ஒரு இடத்தில் புஸ்ஸென்று சத்தம். ஊசி முனை அளவு ஓட்டையில் இருந்து பனி மாதிரி தண்ணீர் அடிக்கும். வரிசையில் நிற்கிற டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். உடனே என்ன நடக்கும்? சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, அதன்மேல் கட்டுக் கம்பியை முறுக்கி, கட்டிங் பிளையரால் இறுக்கி, மறுபடியும் மெஷினைப் போட்டு விடுவார்கள். சிலர் ஓட்டை விழுந்த இடத்தில் அறுத்து, நடுவில் இரும்புக் குழாய் சொருகி, இரண்டு பக்கமும் கிளிப் போடுவதும் உண்டு.

அன்றைய பொழுது ஓடிவிடும். ஆனால் அந்தக் கம்பிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவரின் கைக்கும் கண்ணுக்கும் யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

முள் குத்தின மாதிரி

பிரஷர் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போக சுமார் 7 பார், அதாவது 100 பிஎஸ்ஐ அழுத்தமே போதும் என்பது மருத்துவக் கணக்கு. வாட்டர் சர்வீஸ் மெஷின் கொடுப்பது அதைவிடப் பல மடங்கு.

ஹோஸில் விழுந்த சின்ன ஓட்டையைக் கையால் பொத்திப் பிடித்தாலோ, துணியை வைத்து அமுக்கினாலோ, தண்ணீர் ஊசி போட்ட மாதிரி விரலுக்குள் இறங்கிவிடும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இருக்காது. 'ஒண்ணுமில்லண்ணே' என்று கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உள்ளே போன தண்ணீரோடு அழுக்கு, கிரீஸ், ஷாம்பு எல்லாம் சேர்ந்து போயிருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் விரல் வீங்கி, விறைத்து, வலி எடுக்கும். தாமதமானால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

அப்படிக் குத்திவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிவகாசி அரசு ஆஸ்பத்திரியோ, விருதுநகரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் 'பிரஷர் மெஷின் தண்ணி கைக்குள்ள பாஞ்சிருச்சு' என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். வெறும் காயம் என்று சொன்னால் ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

கசிவு எங்கே என்று பார்க்க கை வேண்டாம். ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும். அச்சக ஊரில் அட்டைக்கா பஞ்சம்? வேலை முடிந்ததும் அதே கன்னால் காலில் உள்ள சேற்றைக் கழுவும் பழக்கமும் பல கடைகளில் இருக்கிறது. அதையும் இன்றோடு விட்டுவிடுவது நல்லது.

எத்தனை கிலோ பிரஷர்?

சரி, புது ஹோஸ் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கடைக்குப் போய் 'அண்ணாச்சி, வாட்டர் சர்வீஸ் ஓஸ் ஒரு முப்பது மீட்டர் கொடுங்க, ரேட்டு கம்மியா' என்று கேட்டால் கிடைப்பது ஏதோ ஒரு ஹோஸ். அது உங்கள் மெஷினுக்கான ஹோஸா என்பது வேறு விஷயம்.

முதலில் மெஷினைப் பார்க்க வேண்டும். சின்னக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் பெல்ட் போட்டு மோட்டாரில் ஓடும் மூன்று பிஸ்டன் பம்ப். வயலில் மருந்து அடிக்கிற அதே ரகம். இது பொதுவாக 20 முதல் 40 கிலோ வரை பிரஷர் கொடுக்கும். இதற்கு நூல் பின்னிய பிவிசி ஸ்பிரே ஹோஸ் தாங்கும். லாரி அடிப்பாகம் கழுவுகிற பெரிய ஜெட் மெஷின் என்றால் 100 பார், 150 பார், அதற்கு மேலும் போகும். அதில் பிவிசி ஹோஸை மாட்டுவது பெரிய ஆபத்து. உள்ளே இரும்புக் கம்பி பின்னிய ரப்பர் ஹோஸ்தான் வேண்டும்.

கிலோ, பார், பிஎஸ்ஐ என்று ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கிலோவும் ஒரு பாரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ. கார் டயரில் காற்று அடிப்பது 30, 35 பிஎஸ்ஐ. 100 பார் மெஷினில் 1,450 பிஎஸ்ஐ. அதாவது கார் டயரைப் போல நாற்பது மடங்குக்கும் மேல்! அவ்வளவையும் அடக்கி வைத்திருப்பது விரல் தடிமன் உள்ள ஒரு ரப்பர் குழாய்.

ஹோஸ் மேலேயே இரண்டு வித எண்கள் வரும். ஒன்று வேலை பார்க்கும் பிரஷர், டபிள்யூ.பி. என்று போட்டிருக்கும். இன்னொன்று வெடிக்கும் பிரஷர், பி.பி. என்று இருக்கும். கம்பிப் பின்னல் ஹைட்ராலிக் ஹோஸ்களில் வெடிக்கும் பிரஷர், வேலை பார்க்கும் பிரஷரைப் போல 4 மடங்கு இருக்க வேண்டும் என்பது தர விதி.

இங்கேதான் வில்லங்கம். 'இது 160 கிலோ தாங்கும்ணே' என்று விற்பவர் சொல்வது எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டும். அது வெடிக்கும் பிரஷராக இருந்தால், நீங்கள் வேலை பார்க்க வேண்டியது அதில் கால்வாசியான 40 கிலோவில் மட்டுமே. ஹோஸில் ஒரு எண்ணுமே அச்சடிக்கவில்லை என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

மீட்டர் முள் காட்டுவதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதும் தப்பு. கன்னின் டிரிக்கரை விடும்போது தண்ணீர் போக வழியில்லாமல் பிரஷர் ஒரே எகிறாக எகிறும். பைபாஸ் வால்வு திறந்தால்தான் இறங்கும். அந்த வால்வில் எத்தனைக்கு செட் செய்திருக்கிறதோ, ஹோஸின் வேலை பார்க்கும் பிரஷர் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பைபாஸ் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தால் எந்த ஹோஸ் வாங்கியும் பிரயோஜனம் இல்லை. முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.

ரெண்டு நூலா, மூணு நூலா?

ஹோஸின் உள்வாய் அளவில் இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச் ஒன்று. மூணு நூல், அதாவது 3/8 இஞ்ச் இன்னொன்று. பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

நிமிடத்துக்கு 15 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீர் தள்ளுகிற மெஷின் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு நூல் ஹோஸில் 10 மீட்டர் தூரம் போவதற்குள் சுமார் 10 பார் பிரஷர் வழியிலேயே காணாமல் போய்விடும். மூணு நூல் ஹோஸில் அதே தூரத்துக்கு ஒன்றரை பார்தான் குறையும். 30 மீட்டர் இழுத்தால் ஒன்றில் 30 பார் நஷ்டம், இன்னொன்றில் 5 பார்கூட இல்லை.

'மெஷின்ல 100 காட்டுது, கன்னுல வேகமே இல்ல' என்று பம்ப்பைப் பிரித்து வாஷர் மாற்றிக் கொண்டிருப்பவர்கள் ஒரு தடவை ஹோஸின் உள்வாயையும் அளந்து பார்க்கலாம். வேகம் குறைந்தால் ஒரு வண்டிக்கு ஆகும் நேரம் கூடும், தண்ணீர் கூடும், கரண்ட் கூடும். கோடையில் டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கிக் கழுவுகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

அதற்காக எடுத்த எடுப்பில் நாலு நூல் வாங்கிவிடவும் கூடாது. ஒரே பின்னலில் வாய் பெருக்கப் பெருக்க ஹோஸ் தாங்கும் பிரஷர் குறைந்துவிடும். ஐரோப்பியத் தர விதி ஈ.என். 853 படி, ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸில் இரண்டு நூல் 225 பார் தாங்கும். மூணு நூல் 180 பார். நாலு நூல் என்றால் 160 பார்தான். கனமும் கூடும். நாள் முழுக்க அதை இழுத்துக்கொண்டு லாரியைச் சுற்றி வருகிறவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

பெரும்பாலான ஜெட் மெஷின்களுக்கு மூணு நூல் ஒற்றைப் பின்னல் பொருத்தமாக இருக்கும். பிரஷர் 180 பாரைத் தாண்டும் மெஷின் என்றால் இரட்டைப் பின்னலுக்குப் போக வேண்டும். அதில் மூணு நூல் 330 பார் வரை தாங்கும்.

ஹோஸ் மேல் இருக்கும் எழுத்து

ஒற்றைப் பின்னல் ஹோஸில் 1எஸ்.என். என்றும், இரட்டைப் பின்னலில் 2எஸ்.என். என்றும் நெடுக அச்சடித்திருக்கும். அமெரிக்கக் கணக்கில் ஆர்1, ஆர்2 என்று வரும். அதோடு தயாரித்த வருஷமும், எந்தக் காலாண்டு என்பதும் இருக்கும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ரப்பருக்கும் வயசு உண்டு. கடை வாசலில் வெயிலில் பல வருஷம் சுருண்டு கிடந்த ஹோஸ் புதுசு அல்ல. வளைத்துப் பார்த்தால் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு தெரியும்.

வெயில் என்றதும் இன்னொன்று. பிவிசி ஹோஸில் போட்டிருக்கும் பிரஷர் சாதாரண வெப்பத்துக்கான கணக்கு. சூடு ஏற ஏற பிவிசி இளகும், தாங்கும் சக்தி குறையும். கத்திரி வெயிலில் சிமெண்ட் தரையில் கிடக்கிற பிவிசி ஹோஸை மதியம் தொட்டுப் பார்த்தால் புரியும். அந்த நேரத்தில் உச்ச பிரஷரில் ஓட்டினால் புடைக்கும். சுடுதண்ணீர் மெஷினுக்கு பிவிசி அறவே ஆகாது. அதற்கு எத்தனை டிகிரி தாங்கும் என்று அச்சடித்த ரப்பர் ஹோஸ் தனியாக இருக்கிறது.

லாரி அடிப்பாகத்துக்கு டீசல் அடித்துக் கழுவுகிற கடைகள் ஹோஸின் மேல்தோல் ஆயில் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா ரப்பரில் டீசல் பட்டுக் கொண்டே இருந்தால் ஊறி, உப்பி, பிசுபிசுத்துப் போகும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிற இடங்களில் இன்னொரு தொல்லை. மேல்தோலில் ஒரு கீறல் விழுந்து கம்பி வெளியே தெரிந்தால் போதும், துரு உள்ளே ஓடிவிடும். வெளியே ஒரு இஞ்ச் தெரியும், உள்ளே ஒரு அடிக்கு அரித்திருக்கும். கம்பி தெரிந்த ஹோஸைக் கழிவில் போட வேண்டியதுதான்.

முனையில்தான் உயிர்

நல்ல ஹோஸ் வாங்கியும் முனையில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். பல நேரம் ஹோஸ் நடுவில் பிய்வதில்லை, முனை கழன்று தெறிக்கிறது. கழன்ற முனை சாட்டை மாதிரி சுழலும். இரும்பு நட்டோடு சுழல்கிற அது முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்குரூ டிரைவரால் திருகுகிற கிளிப், பம்ப்புக்குத் தண்ணீர் உறிஞ்சும் பக்கத்துக்கு மட்டுமே. பிரஷர் போகும் பக்கத்துக்கு அது ஆகாது. கம்பிப் பின்னல் ஹோஸுக்கு மெஷினில் வைத்து நசுக்கிய முனைதான் போட வேண்டும். ஜேசிபி, டிராக்டர்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகளில் இந்த கிரிம்பிங் மெஷின் இருக்கும். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையும் அடித்துத் தருவார்கள். ஒருமுறை நசுக்கிய முனையைக் கழற்றி வேறு ஹோஸில் போடச் சொல்லாதீர்கள். அது பிடிக்காது. பிவிசி ஸ்பிரே ஹோஸ் என்றால் அதற்கென்றே வரும் பித்தளைக் கப்ளிங்கை, அந்த ஹோஸின் அளவுக்கே பார்த்து வாங்க வேண்டும்.

போகும்போது பழைய முனையைக் கையோடு எடுத்துப் போவது உத்தமம். மரை பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் இரண்டு சுற்றோடு நின்றுவிடும். அதை ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏற்றினால் மரை தின்றுவிடும். வெளிநாட்டு சின்ன வாஷர்களில் வரும் எம்22 மரையில் உள்ளே நுழையும் முளை 14 மி.மீ., 15 மி.மீ. என்று இரண்டு அளவு உண்டு. மரை சேர்ந்துவிடும், தண்ணீர் மட்டும் நிற்காமல் கசியும். டெப்லான் டேப் எத்தனை சுற்றினாலும் தீராது.

உறிஞ்சும் பக்கத்து ஹோஸைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உள்ளே சுருள் போட்ட கெட்டி ஹோஸ்தான் போட வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மெல்லிய ஹோஸைப் போட்டால், பம்ப் இழுக்கிற இழுப்பில் அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். காற்று ஏறும், பம்ப் கடகடக்கும், சீல் போகும். அந்தச் செலவு ஹோஸ் செலவைப் போலப் பல மடங்கு.

இங்கேயும் உராய்வு

பட்டாசு ஊரில் உராய்வு என்ற வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. ஹோஸைக் கொல்வதும் அதுதான். தரையில் இழுபட்டு, சிமெண்டில் தேய்ந்து, பிட் ஓரத்து இரும்பில் உரசி, அது போதாதென்று லாரிச் சக்கரமும் மேலே ஏறி இறங்கும்.

அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் காசு போட்டுவிட்டு வண்டிக்காரரே கழுவிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. பழக்கம் இல்லாதவர்கள் இழுத்து அடிக்கிற இடம் அது. அப்படியும் ஹோஸ் பிழைத்திருக்கக் காரணம், அங்கே பல இடங்களில் ஹோஸ் தரையில் கிடப்பதில்லை என்பதுதான். தலைக்கு மேலே சுற்றித் திரும்பும் இரும்புக் கையில் தொங்கும். கன் சேரும் இடத்தில் திருகு விழாமல் சுழலும் முனை இருக்கும்.

இங்கே ஷெட் போட்ட கடைகளில் மேலே ஒரு பைப்பும் கொக்கியும் வைத்து இதைச் செய்துவிட முடியும். லோக்கல் வெல்டிங் பட்டறை வேலைதான். அதற்கு வசதி இல்லை என்றால், வண்டி ஏறும் பாதையில் இரண்டு ஆங்கிளை வைத்து நடுவில் ஹோஸை ஓட விடலாம். மூணு நூல் ஒற்றைப் பின்னல் ஹோஸை 13 செ.மீ. ஆரத்துக்குக் கீழே மடக்கக் கூடாது என்பது விதி. சுருட்டும் வளையம் குறைந்தது ஒரு அடி அகலமாவது இருக்கட்டும். ஆணியில் மாட்டித் தொங்க விட்டால், மடிகிற இடத்தில் கம்பி ஒவ்வொன்றாக அறும்.

மாட்டியவுடன் அவசரம் வேண்டாம்

புது ஹோஸை மாட்டியதும் கன்னில் நாசில் இல்லாமல் முதலில் தண்ணீர் விட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ரப்பர் தூளையும் வெளியேற்ற வேண்டும். பிறகு நாசிலைப் போட்டு பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முனைகளுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, டிரிக்கரை அமுக்கி பிரஷரை இறக்கிய பிறகே முனையைத் தொட்டுப் பார்க்கலாம். மெஷின் ஓடும்போதே கசிகிற நட்டை ஸ்பேனரால் இறுக்குவது கூடவே கூடாது.

கம்பிப் பின்னல் ஹோஸ் மாட்டும் கடைக்காரர்கள் கரண்ட் விஷயத்தையும் பார்க்க வேண்டும். மோட்டாரில் லீக் இருந்தால், பம்ப்பில் இருந்து கன் வரை போகும் அந்தக் கம்பி வழியாகவே ஷாக் வரலாம். பிடித்திருப்பவர் ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்பார். மோட்டாருக்கு எர்த் சரியாக இருக்கிறதா, லீக் ஆனால் டிரிப் ஆகும் பிரேக்கர் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தினமும் கடை திறந்ததும் ஹோஸை நெடுக ஒரு பார்வை பார்த்தால் போதும். புடைப்பு, மடிப்பு விழுந்த தழும்பு, வெளியே தெரியும் கம்பி, முனை ஓரத்தில் ஈரம். இதில் எது இருந்தாலும் அந்த ஹோஸ் அன்றைக்கு ஓடக் கூடாது. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிட்டால் கடைசி நாளில் கம்பி தேடி ஓட வேண்டியிருக்காது. முனை அடித்த ஹோஸ் ஒன்றைக் கூடுதலாக வாங்கி நிழலில் வைத்துக் கொள்கிற கடைக்காரர்களுக்கு அன்றைய வசூல் தப்பும்.

கழற்றிய பழைய ஹோஸை 'வச்சிக்கோ தம்பி' என்று பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டாம். அவர் அதற்குக் கம்பி சுற்றித்தான் ஓட்டுவார். ஒரு முழம், இரண்டு முழமாக அறுத்து நெடுக்கில் கீறி, புது ஹோஸ் இரும்பில் உரசுகிற இடங்களில் உறையாகப் போட்டுக் கொள்ளலாம்.